ரத்தம் வழியும் அந்த முகம்: எர்வின் ஸாடோரின் இணையப் புகழ் அவருக்கு நியாயம் செய்கிறதா?

வெண்தொப்பி எழுதியது:

ஒலிம்பிக் போட்டிகள் நெருங்கும்போதெல்லாம் ஒரு கறுப்புவெள்ளைப் படம் இணையத்தில் மீண்டும் வலம் வரத் தொடங்கிவிடுகிறது. நீச்சல்குளத்தின் கரையில் ஓர் இளைஞர் நிற்கிறார். கண்ணருகே கிழிந்த காயத்திலிருந்து வழியும் ரத்தம் கன்னத்தைத் தாண்டி மார்பு வரை இறங்கியிருக்கிறது. அவர் எர்வின் ஸாடோர்; நீந்தியபடியே பந்தை எதிரணியின் கோலுக்குள் வீசும் ஆட்டமான வாட்டர் போலோவில் ஹங்கேரிக்காக ஆடியவர். 1956 டிசம்பர் 6 அன்று மெல்போர்ன் ஒலிம்பிக்கில் சோவியத் அணிக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் முடிவில் எடுக்கப்பட்ட படம் அது. உலகில் வாட்டர் போலோ ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஹங்கேரி இதுவரை ஆண்கள் பிரிவில் ஒன்பது ஒலிம்பிக் தங்கங்களை வென்றிருக்கிறது. அந்த ஒன்பது அணிகளிலும் விளையாடிய அத்தனை மேதைகளையும்விட இணையத்தில் அதிகம் பகிரப்படும் முகம், அந்த ஒரு நாளுக்குப் பிறகு ஹங்கேரிக்காக ஒரு ஒலிம்பிக் ஆட்டம்கூட ஆடாத இந்த வீரருடையதுதான்.

இந்தப் புகழ் ஸாடோருக்கு நியாயம் செய்கிறதா என்பதைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். படத்தின் கீழே எழுதப்படும் குறிப்புகளை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒரு நாடு ஒடுக்கப்பட்டது, ஓர் இளைஞர் அடிக்கப்பட்டார், நீர் சிவந்தது என்ற மூன்று வரிகளோடு கதை முடிந்துவிடுகிறது. அன்று ஹங்கேரி அடித்த நான்கு கோல்களில் இரண்டு அவருடையவை என்பதைச் சொல்லும் பதிவுகள் மிகவும் குறைவு. அவர் எந்த இடத்தில் ஆடினார், எப்படிப்பட்ட ஆட்டக்காரர், பிறகு எப்படி வாழ்ந்தார் என்று கேட்பவர்கள் அதைவிடக் குறைவு. அடி வாங்கியவராக மட்டுமே ஒருவரை லட்சக்கணக்கானோர் அறிந்திருப்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இதே கேள்வியை இன்றைய ஹங்கேரி வீரர்களைப் பற்றியும் எழுப்பலாம். அவர்கள் குளக்கரையில் வரிசையாக நிற்கும் படங்கள் உடற்கட்டுக்காகப் பகிரப்படுகின்றன. அடுத்த நிமிடம் அவர்கள் நீருக்குள் இறங்கி ஆடும் ஆட்டம் பகிரப்படுவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பது என் கருத்து. நண்பர்கள் தங்கள் எண்ணங்களை எழுத வேண்டுகிறேன்.

பழைய நாளிதழ் எழுதியது:

நல்ல விவாதத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள், நண்பரே. மேலே போவதற்கு முன் அந்த நாளின் நிகழ்வுகளைச் சரியான வரிசையில் வைத்துக்கொள்வது நல்லது; பகிரப்படும் குறிப்புகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான எழுச்சி தொடங்கியது 1956 அக்டோபர் 23 அன்று. அப்போது வாட்டர் போலோ அணி நகரத்துக்கு மேலே உள்ள மலைப்பகுதியில் பயிற்சி முகாமில் இருந்தது. துப்பாக்கிச் சத்தம் அங்கே கேட்டது, புகை தெரிந்தது. ஒலிம்பிக் நெருங்கிவிட்டதால் வீரர்களைச் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கிருந்து அவர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தார்கள். நவம்பர் 4 அன்று சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் மீண்டும் நுழைந்து எழுச்சியை நசுக்கிய முழு விவரம் மெல்போர்ன் வந்து சேர்ந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்றே உறுதியாகத் தெரியாத நிலையில் அவர்கள் குளத்தில் இறங்கினார்கள். இந்தப் படையெடுப்பைக் கண்டித்து நெதர்லாந்தும் ஸ்பெயினும் சுவிட்சர்லாந்தும் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன.

அடுத்து, அது அரையிறுதி ஆட்டம் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த ஆண்டு வாட்டர் போலோவில் அரையிறுதி என்றே ஒரு கட்டம் கிடையாது. ஹங்கேரி, யூகோஸ்லாவியா, சோவியத் ஒன்றியம், இத்தாலி, அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய ஆறு அணிகள் இறுதிச் சுற்றில் ஒன்றோடொன்று மோதின. சோவியத் அணியை 4-0 என்று வென்ற பிறகு, யூகோஸ்லாவியாவையும் 2-1 என்று வென்றுதான் ஹங்கேரி தங்கத்தை உறுதி செய்தது. காயம் காரணமாக அந்தக் கடைசி ஆட்டத்தில் ஸாடோர் ஆடவில்லை. உலகமே பார்த்த படத்துக்குரியவர், தன் அணி தங்கம் வென்ற ஆட்டத்தைக் கரையிலிருந்து பார்க்க நேர்ந்தது.

நீர் சிவந்தது என்பதும் மிகைதான். காயம் ஆழமானது, ரத்தமும் நிறைய வழிந்தது. ஆனால் படத்தில் அவர் குளத்துக்கு வெளியே நிற்கிறார், ரத்தம் அவர் உடலின் மேல் இருக்கிறது. ‘நீரில் ரத்தம்’ என்று பத்திரிகைகள் இட்ட தலைப்புதான் காலப்போக்கில் குளம் முழுவதையும் சிவப்பாக்கிவிட்டது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஹங்கேரி அப்போது 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் சாம்பியன். அவர்களிடமிருந்து பயிற்சி முறைகளைக் கற்றுக்கொள்ள வந்து போன அணிதான் சோவியத் அணி. ஆகவே 4-0 என்பதைக் கோபத்தால் மட்டும் கிடைத்த வெற்றியாகப் பார்க்கக் கூடாது. உலகின் மிகச் சிறந்த அணி தன் தரத்துக்கேற்ப ஆடிப் பெற்ற வெற்றி அது. கோபம் இல்லாவிட்டாலும் ஹங்கேரி வென்றிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஆழ்நீர் எழுதியது:

கல்லூரி நாட்களில் இந்த ஆட்டத்தை ஆடியவள் என்ற முறையில், முதல் பதிவின் கடைசிப் பத்தியைப் பற்றி எழுதுகிறேன். வாட்டர் போலோ படம் பிடிக்க முடியாத ஆட்டம் என்பதை ஆடியவர்கள் அனைவரும் ஒப்புக்கொள்வார்கள்.

அணிக்கு ஏழு பேர் நீரில் இருப்பார்கள், கோல்கீப்பரையும் சேர்த்து. கோல்கீப்பரைத் தவிர வேறு யாருக்கும் காலை ஊன்ற அனுமதி இல்லை. பெரிய போட்டிகளின் குளங்களில் ஊன்ற நினைத்தாலும் தரை எட்டாது. இரண்டு கால்களையும் எதிரெதிர்த் திசைகளில் மாறி மாறி வட்டமாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால்தான் மார்பு நீருக்கு மேலே நிற்கும். ஒரு வீரர் இடுப்பு வரை எழும்பிப் பந்தை வீசும்போது நாம் வியக்கிறோம். அவரை எழுப்பிய கால்கள் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோலுக்கு முன்னால், முதுகைக் கோலுக்குக் காட்டியபடி மிதக்கும் நடு முன்கள வீரரும் அவரைத் தடுப்பவரும் நடத்தும் போராட்டத்தில் பெரும்பகுதி நீருக்கு அடியில்தான் நடக்கிறது. கையைப் பிடிப்பது, இடுப்பைத் தள்ளுவது, ஆடையைப் பற்றி இழுப்பது என்று எல்லாம் நடக்கும். நடுவர் அதில் ஒரு பகுதியை மட்டுமே காண்கிறார். தலையில் தொப்பி, காதுக்குக் கவசம். தொப்பியின் நிறமும் எண்ணும் இல்லாவிட்டால் யார் யாரென்றே தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

ஆகவே புகைப்படக்காரருக்குக் கிடைப்பவை இரண்டே தருணங்கள். ஒன்று ஆட்டத்துக்கு முன்பு, மற்றொன்று ஆட்டத்துக்குப் பின்பு. முன்பு எடுத்தால் உடல் கிடைக்கிறது; பின்பு எடுத்தால் கண்ணீரோ காயமோ கிடைக்கிறது. ஸாடோரின் படம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

அவர் அடி வாங்கிய விதத்திலும் இந்த ஆட்டத்தின் தன்மை இருக்கிறது. அதை யாரும் எழுதுவதில்லை என்பதால் இங்கே விளக்குகிறேன். வாட்டர் போலோவில் விசில் ஓயாமல் ஒலிக்கும். விசில் கேட்டவுடன் பந்து எந்த அணிக்கு என்று நடுவரின் கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அடுத்த நொடியே நீந்தத் தொடங்க வேண்டும். பார்க்கத் தவறினால் எதிராளி தப்பிவிடுவார். இது குழந்தைப் பருவத்திலிருந்தே ஊறிப்போகும் பழக்கம். அன்று கடைசி நிமிடங்களில் ஸாடோர் சோவியத் வீரர் வாலன்டின் புரொகோபோவைத் தடுத்து ஆடிக்கொண்டிருந்தார். விசில் ஒலித்தது. அவர் நடுவரைத் திரும்பிப் பார்த்தார். எதிராளியிடமிருந்து கண்ணை எடுத்த அந்த ஒரு கணத்தில்தான் புரொகோபோவ் நீரிலிருந்து எழும்பி அவர் முகத்தில் அடித்தார். தேர்ந்த ஆட்டக்காரருக்குரிய அனிச்சையான செயல்தான் அவருடைய முகத்தை அடிக்குக் காட்டியது. படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் திரும்பல்தான் நினைவுக்கு வருகிறது.

கரைவாசி எழுதியது:

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, வெண்தொப்பி அவர்களே. ஆனால் நான் மாறுபடுகிறேன். அந்தப் படம் இல்லையென்றால் நான் இந்த விளையாட்டின் பக்கமே வந்திருக்க மாட்டேன். படத்தைப் பார்த்து, யார் இவர் என்று தேடி, அங்கிருந்து 1956 எழுச்சியைப் பற்றிப் படித்து, பிறகுதான் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கினேன். ஒரு படத்தைப் பார்ப்பவர்களில் நூற்றில் ஒருவராவது இப்படி உள்ளே வந்தால், அந்தப் புகழ் தன் வேலையைச் செய்துவிட்டது என்றே நினைக்கிறேன். மற்றவர்கள் மூன்று வரியோடு நின்றுவிடுவதற்கு ஸாடோரின் படத்தைக் குறை சொல்வதற்கில்லை. அந்த மூன்று வரிகளுக்கும் மதிப்பு உண்டு. புடாபெஸ்டில் நடந்ததை மறைக்க ஒரு பேரரசு முயன்ற காலத்தில், மறைக்க முடியாதபடி உலகின் முன் வந்து நின்ற சாட்சி அது.

பழைய நாளிதழ் எழுதியது:

கரைவாசி அவர்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்சியத்தின் மறுபக்கத்தில் இன்னொரு மனிதர் இருக்கிறார். வாலன்டின் புரொகோபோவ் என்ற பெயர் உலகுக்குத் தெரிவதும் அந்த ஒரு நொடியால்தான். சோவியத் அணி அந்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றது. அவரும் அந்தப் பதக்கத்துக்குரியவர். இணையத்தில் அவர் ஒரு படையெடுப்பின் உருவமாகவே நிறுத்தப்பட்டிருக்கிறார்.

அன்றைய ஆட்டம் தொடக்கத்திலிருந்தே வன்மையாக நடந்தது. இரு தரப்பிலும் அடியும் உதையும் இருந்தன. ஹங்கேரி கேப்டன் டெஷோ ஜார்மாட்டி மென்மையாக ஆடியவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளியில் கட்டாயமாகப் படிக்க நேர்ந்த ரஷ்ய மொழியிலேயே ஹங்கேரி வீரர்கள் எதிரணியினரைச் சீண்டினார்கள். எதிராளி நிதானம் இழந்தால் ஆட்டம் தங்கள் கைக்கு வந்துவிடும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இதைச் சொல்வதால் டாங்கிகளை அனுப்பியவர்களின் குற்றம் ஒரு துளியும் குறைவதில்லை. புரொகோபோவ் அடித்தது தவறு என்பதும் மாறுவதில்லை. ஆனாலும் அவர் புடாபெஸ்டுக்குள் டாங்கியை ஓட்டி வரவில்லை. 0-4 என்று தோற்றுக்கொண்டிருந்த, பொறுமை இழந்த ஒரு விளையாட்டு வீரர் அவர். அவருடைய பெயரின் கீழ் இன்றும் எழுதப்படும் வசைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

பார்வையாளர்களில் ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஹங்கேரியர்கள் ஏராளமாக இருந்தார்கள். ரத்தத்தைக் கண்டதும் அவர்கள் தடுப்பைத் தாண்டிக் குளக்கரைக்கு இறங்கிவிட்டார்கள். கலவரம் மூளாமல் இருக்க, நேரம் முடிவதற்கு முன்பே ஆட்டத்தை நிறுத்தினார்கள். போலீசார் சூழ்ந்துதான் சோவியத் வீரர்களை வெளியே அழைத்துச் செல்ல முடிந்தது.

நீலக்கோடு எழுதியது:

நான் முதல் பதிவில் சொல்லப்பட்ட மற்றொரு புகழைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அதைப் பலர் கூச்சத்தால் தவிர்த்துவிடுகிறார்கள். ஒலிம்பிக் நடக்கும் வாரங்களில் ஹங்கேரி வீரர்களின் படங்கள் எப்படிப் பகிரப்படுகின்றன, அவற்றின் கீழ் எப்படிப்பட்ட கருத்துகள் எழுதப்படுகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். உயரமும் தோள் அகலமும் மட்டுமே பேசப்படுகின்றன. வீரரின் பெயர்கூடச் சில இடங்களில் இருப்பதில்லை.

அழகை ரசிப்பது குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த உடலை உருவாக்கிய உழைப்பு மறக்கப்படுவதுதான் எனக்கு வருத்தம். அந்தத் தோள்கள் ஒரு பந்தை ஒற்றைக் கையால் பிடித்து, எதிராளி மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போதே வீசுவதற்காக வளர்ந்தவை. அந்தச் சிறிய, இறுக்கமான ஆடைகூடக் காட்சிக்காக அணிவது கிடையாது. தளர்ந்த துணி இருந்தால் எதிராளி அதைப் பிடித்து இழுத்துவிடுவார் என்பதால்தான் அப்படி அணிகிறார்கள். பெண்களின் ஆடையும் அதே காரணத்துக்காகவே கைக்குச் சிக்காதபடி இறுக்கமாகத் தைக்கப்படுகிறது. ஆட்டத்தின் தேவையால் வந்த ஒன்றை, ஆட்டம் தெரியாதவர்கள் வேறு பொருளில் படிக்கிறார்கள். வீரர் அனுமதியின்றி எடுத்த படத்தைச் சுற்றுக்கு விட்டு, அவர் குடும்பத்தினரும் படிக்கக்கூடிய இடத்தில் கொச்சையாக எழுதுவதை எந்த விதத்திலும் நியாயப்படுத்த முடியாது. பெண் வீரர்களுக்கு இது இன்னும் கடுமையாக நடக்கிறது.

அதே நேரத்தில், இணையப் புகழை அடியோடு தள்ளிவிட முடியாத நிலையில் இந்த விளையாட்டு இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹங்கேரியிலும் செர்பியாவிலும் குரோஷியாவிலும் இத்தாலியிலும் வாட்டர் போலோவுக்கு அரங்கு நிறையும். பெரும்பாலான நாடுகளில் வீரர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டுதான் பயிற்சி செய்கிறார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்பு அமெரிக்கப் பெண்கள் அணியின் கேப்டன் மேகி ஸ்டெஃபன்ஸ், தங்கள் அணியினர் இரண்டு மூன்று வேலைகள் பார்க்கும் நிலையை இன்ஸ்டாகிராமில் எழுதினார். அதைப் படித்த இசைக் கலைஞர் ஃபிளேவர் ஃபிளேவ் அணிக்கு ஆதரவாளராக வந்து சேர்ந்தார், பாரிசுக்கே போய் ஆட்டங்களைப் பார்த்தார். அங்கே புகழைக் கொண்டுவந்தது வீராங்கனை தானே எழுதிய உண்மை. தன்னைப் பற்றி என்ன காட்டுவது என்பதை வீரர் தானே முடிவு செய்வதற்கும், முன்பின் தெரியாதவர்கள் அவரை வெட்டி ஒட்டிப் பரப்புவதற்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகத் தெரிகிறது. ஸாடோருக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை.

ஏழாம் எண் எழுதியது:

ஹங்கேரிக்குள் ஒரு வாட்டர் போலோ வீரர் எப்படிப் புகழ் பெறுகிறார் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நாம் வெளியிலிருந்து காணும் புகழுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

அங்கே இந்த ஆட்டம் குடும்பங்கள் வழியாக வருகிறது. இஷ்த்வான் ஸீவோஷ் 1952, 1956 ஆகிய ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். அதே பெயர் கொண்ட அவர் மகன் 1976இல் தங்கம் வென்றார். பேரன் மார்ட்டோன் 2013இல் உலக சாம்பியன் அணியில் இருந்தார். மேலே பேசப்பட்ட ஜார்மாட்டி 1948 முதல் 1964 வரை ஐந்து ஒலிம்பிக்குகளில் தொடர்ந்து பதக்கம் பெற்றவர். அவற்றில் மூன்று தங்கம். 1976இல் தங்கம் வென்ற அணிக்குப் பயிற்சியாளரும் அவரே. அவருடைய மனைவி ஏவா ஸேக்கெய் 1952இல் மார்பு நீச்சலில் தங்கம் வென்றவர். மகள் ஆன்ட்ரேயா 1972இல் நீச்சலில் இரண்டு பதக்கங்கள் வென்றார். இப்படிப்பட்ட பெயர்களைக் கேட்டே வளரும் ஒரு குழந்தை மார்கரெட் தீவில் இருக்கும் ஹாயோஷ் அல்ஃப்ரேட் நீச்சல் வளாகத்துக்குப் பயிற்சிக்குப் போகிறது. அந்த வளாகத்துக்குப் பெயர் தந்தவர் 1896 ஏதென்சில் இரண்டு தங்கம் வென்ற நீச்சல் வீரர். டான்யூபின் புடா கரையில் இருக்கும் இன்னொரு குளம், ஹங்கேரி வாட்டர் போலோவை வளர்த்தெடுத்த பேலா கொம்யாடியின் பெயரைத் தாங்குகிறது. குளங்களே அங்கே வரலாறு சொல்கின்றன.

2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2008 பெய்ஜிங் என்று மூன்று தங்கங்களை டேனெஷ் கெமேனியின் பயிற்சியில் தொடர்ந்து வென்ற அணியில், மூன்றிலும் இடம்பெற்றவர்கள் ஆறு பேர்: டிபோர் பெனெடெக், பேட்டர் பிரோஷ், தமாஷ் காஷாஷ், கெர்கெய் கிஷ், தமாஷ் மோல்னார், ஸோல்டான் ஸேச்சி. ஹங்கேரியில் இவர்கள் பெயரை அறியாதவர் இருக்க முடியாது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றவர் பிரோஷ்.

பெனெடெக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இடக்கை ஆட்டக்காரர். ஆடி முடித்த பிறகு தேசிய அணியின் பயிற்சியாளராகி, 2013 பார்சலோனா உலகப் போட்டியின் இறுதியில் மான்டினீக்ரோவை 8-7 என்று வென்று தந்தவர். 2020 ஜூன் 18 அன்று கணையப் புற்றுநோயால் இறந்தார். அப்போது அவருக்கு 47 வயதுதான். அந்த வாரம் ஹங்கேரியர்கள் இணையத்தில் பகிர்ந்தவற்றை நான் படித்தேன். அவர் வீசிய கோல்கள், அணியினரோடு நீரில் கட்டிப்பிடித்து நின்ற தருணங்கள், எந்த ஆண்டு எந்த ஆட்டத்தை யாரோடு அமர்ந்து பார்த்தோம் என்ற நினைவுகள் என்று ஆட்டத்தைப் பற்றிய பேச்சாகவே அது இருந்தது. ஒரு விளையாட்டு வீரருக்கு உரிய புகழ் இதுதான் என்று அன்று எனக்குத் தோன்றியது. அவருடைய ஆட்டத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்தவர்களால் மட்டுமே அதைத் தர முடிந்தது.

வெண்தொப்பி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கரைவாசி அவர்களின் மறுப்பை மதிக்கிறேன். படம் ஒரு வாசல் என்பதில் எனக்கும் ஐயம் இல்லை. வாசலிலேயே நின்றுவிடுபவர்களை உள்ளே அழைத்துவரும் பொறுப்பு நம்மைப் போன்றவர்களுக்கு இருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். அதற்காகவே ஸாடோரின் பிற்கால வாழ்வைப் பற்றி நாளிதழ் அவர்கள் எழுத முடியுமா? முதல்முறையாக ஆட்டம் பார்க்க வருபவருக்கு எந்த ஆட்டத்தைக் காட்டலாம் என்றும் ஆழ்நீர் அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய நாளிதழ் எழுதியது:

ஹங்கேரிக் குழுவில் பலர் மெல்போர்னிலிருந்து நாடு திரும்பவில்லை. ஸாடோரும் அவர்களில் ஒருவர். அமெரிக்காவுக்குப் போய்க் கலிஃபோர்னியாவில் குடியேறினார். தன் தரத்துக்கு ஏற்ற வாட்டர் போலோ அன்று அங்கே இருக்கவில்லை. அதனால் நீச்சல் பயிற்சியாளராகிவிட்டார். அவரிடம் சிறுவயதில் பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் மார்க் ஸ்பிட்ஸ், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற அதே ஸ்பிட்ஸ். ஸாடோர் 2012 ஏப்ரல் மாதம், 77 வயதில், கலிஃபோர்னியாவிலேயே காலமானார்.

இருபதுகளின் தொடக்கத்திலேயே உலகின் மிகச் சிறந்த அணியில் இடம் பிடித்து, ஒலிம்பிக் ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்த ஒருவருக்கு முன்னால் எத்தனை ஆண்டு ஆட்டம் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஜார்மாட்டி நாடு திரும்பி 1960இல் வெண்கலமும் 1964இல் மீண்டும் தங்கமும் வென்றார். ஸாடோரும் அந்த அணிகளில் இருந்திருக்கக்கூடும். முகத்தில் விழுந்த காயம் ஆறிவிட்டது. அவர் இழந்த பெரிய பொருள் அந்த ஆண்டுகள்தான். படத்தைப் பகிர்பவர்கள் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதினால் நான் நிறைவடைவேன். இன்னும் படிக்க விரும்புவோர் ஹங்கேரிய முறைப்படி குடும்பப் பெயரை முன்னால் வைத்து, ஸாடோர் எர்வின் என்று அந்த மொழி எழுத்திலேயே தேடுங்கள். கிடைப்பவை மிகவும் வேறாக இருக்கும்.

ஆழ்நீர் எழுதியது:

முதல் ஆட்டமாக நான் 2004 ஏதென்ஸ் இறுதியையே பரிந்துரைப்பேன். ஹங்கேரியும் செர்பியா-மான்டினீக்ரோவும் மோதிய ஆட்டம் அது. கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது ஹங்கேரி 5-7 என்று பின்தங்கியிருந்தது. அந்தக் கால்பகுதியில் மூன்று கோல்களை அடித்து, ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காமல், 8-7 என்று வென்றது. கோல்களை மட்டும் பார்க்க வேண்டாம். முன்னிலையில் இருந்த அணி அந்த ஏழு நிமிடங்களில் ஒரு கோல்கூட அடிக்க முடியாமல் போனது எப்படி என்று பாருங்கள். பந்து இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, கோலுக்கு இரண்டு மீட்டர் முன்னால் இருக்கும் இருவர் மீது கண்ணை வையுங்கள். அவர்களில் யாருடைய தோள் மேலே இருக்கிறது, யார் யாரை முந்தி இடம் பிடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பது பாதி புரிந்துவிடும்.

1956ஐ மனதில் வைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் 2000 சிட்னி இறுதியைத் தேடிப் பாருங்கள். அதே ஆஸ்திரேலியா, எதிரணி ரஷ்யா. ஹங்கேரி 13-6 என்று வென்று, 1976க்குப் பிறகு முதல் முறையாகத் தங்கத்தைத் திரும்பப் பெற்றது. பெனெடெக்கும் கிஷ்ஷும் இடக்கைக்காரர்கள் என்பதை அந்த ஆட்டங்களில் கவனியுங்கள். தாக்கும் அணியின் வலப்பக்கத்தில் இடக்கைக்காரர் ஒருவர் இருந்தால் அவருடைய எறியும் கை கோலின் நடுப்பக்கம் இருக்கும். அந்தக் கோணம் வலக்கைக்காரருக்கு அங்கே கிடைக்காது. அப்படிப்பட்டவர்கள் இருவர் ஒரே அணியில் இருந்ததால் தடுப்பவர்கள் அந்தப் பக்கத்தை ஒரு நொடிகூட விட்டு விலக முடியவில்லை, இடப்பக்கத்தில் காஷாஷுக்கு இடம் திறந்துகொண்டே இருந்தது.

கரைவாசி எழுதியது:

2004 ஆட்டம் எனக்குப் பிடித்தமான ஒன்று, ஆழ்நீர் அம்மா. ஆனால் இதுவரை பந்தைப் பின்தொடர்ந்துதான் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி இரண்டு மீட்டர் பகுதியைக் கவனித்து இன்று இரவு மீண்டும் பார்க்கிறேன். அங்கே தடுப்பவர் எப்போது முன்பக்கம் வர வேண்டும், எப்போது பின்னால் நிற்க வேண்டும் என்பதை அவர் எதை வைத்து முடிவு செய்கிறார்?

ஆழ்நீர் எழுதியது:

பந்து யார் கையில் இருக்கிறது, அவரை யாராவது நெருங்கி அழுத்துகிறார்களா என்பதை வைத்துத்தான். பந்து வைத்திருப்பவருக்கு நெருக்கடி இருந்தால் அவரால் நடுவில் இருப்பவருக்குத் துல்லியமாகப் பந்தைப் போட முடியாது; அப்போது தடுப்பவர் துணிந்து முன்பக்கம் வந்து மறிக்கலாம். நெருக்கடி இல்லையென்றால் முன்னால் வருவது ஆபத்து, தலைக்கு மேலே பந்து வந்துவிடும். பின்னால் நின்று, மற்றொரு வீரர் வெளியிலிருந்து உதவிக்கு இறங்கி வரும் வரை தாக்குப்பிடிக்க வேண்டும். ஏதென்ஸ் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் ஹங்கேரியின் வெளி வீரர்கள் எவ்வளவு விரைவாக அப்படி இறங்கி வருகிறார்கள், பந்து வெளியே போனதும் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள், நிமிடம் நிமிடமாகப் பேசலாம்.